வாக்குச்சீட்டில் வரும் தீயணைப்பு வரி

சியாட்டிலுக்குக் கிழக்கே ஒரு தீயணைப்பு மாவட்டத்தின் நிதிப் பிரிவில் பதினோரு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். இந்தப் பக்கம் தமிழ்க் குடும்பங்கள் அதிகம். கோயிலிலும் தமிழ்ப் பள்ளி வாசலிலும் என்னைப் பார்ப்பவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "அண்ணா, தபால்ல வாக்குச்சீட்டு வந்திருக்கு. அதுல ஃபயர் லெவின்னு ஒண்ணு இருக்கு. நாங்கதான் ஏற்கெனவே சொத்து வரி கட்டுறோமே, இது எதுக்கு?"

நியாயமான கேள்வி. ஊரில் தீயணைப்பு என்பது மாநில அரசின் துறை. வண்டி வாங்குவதும் ஆள் எடுப்பதும் சென்னையில் ஒதுக்கும் பணத்தில் நடக்கும். அதற்கு யாரும் நம் வீட்டுக் கதவைத் தட்டிச் சம்மதம் கேட்டதில்லை. வாஷிங்டன் மாநிலத்தில் அப்படி இல்லை. சியாட்டில் போன்ற பெரிய நகரம் தன் பொது நிதியிலிருந்து தீயணைப்புத் துறையை நடத்துகிறது. நகர எல்லைக்கு வெளியிலும் பல சின்ன நகரங்களிலும் தீயணைப்பு மாவட்டம் என்ற தனி அமைப்புதான் வண்டி அனுப்பும். கென்ட், ரென்டன் பக்கம் அதையே 'ரீஜனல் ஃபயர் அத்தாரிட்டி' என்பார்கள். அந்த அமைப்புக்கென்று தனி எல்லை, தனி வரி. வருமானத்தில் பெரும்பகுதி சொத்து வரியிலிருந்து வருவது. அந்த வரியைக் கூட்ட வேண்டுமென்றால் உங்கள் வாக்கு வேண்டும்.

இங்கேதான் குழப்பம் ஆரம்பிக்கிறது. "வீட்டு விலை வருஷா வருஷம் ஏறுது. வரியும் தானா ஏறுமே, அப்புறம் எதுக்கு ஓட்டு?" என்பார்கள். ஏறாது. 2001-ல் இந்த மாநில மக்கள் வாக்களித்து ஒரு வரம்பு கொண்டுவந்தார்கள்: ஓர் அமைப்பு தான் வசூலிக்கும் மொத்தச் சொத்து வரியை ஆண்டுக்கு 1 சதவீதத்துக்கு மேல் கூட்டக் கூடாது. புதிதாகக் கட்டிய வீடுகளிலிருந்து வரும் வரி மட்டும் இதில் சேராது. 2007-ல் மாநில உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லாது என்றது. சில வாரங்களுக்குள் சட்டமன்றம் சிறப்புக் கூட்டம் போட்டு அதே வரம்பைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டது. இன்றும் அதுதான் நடைமுறை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு தீயணைப்பு மாவட்டத்தில் உள்ள எல்லா வீடு, கடைகளின் மதிப்பு 1,000 கோடி டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வரி விகிதம் 1,000 டாலர் மதிப்புக்கு 1 டாலர் 50 சென்ட். சட்டம் அனுமதிக்கும் உச்சமும் அதுவே. வசூல் 1.5 கோடி டாலர். அடுத்த ஆண்டு எல்லா வீடும் 10 சதவீதம் விலை ஏறுகிறது. மாவட்டத்துக்குக் கிடைப்பதோ 1 சதவீதம் கூடுதலாக 1.515 கோடி மட்டும். ஆகவே விகிதம் தானாக 1 டாலர் 38 சென்ட்டுக்கு இறங்கிவிடும். 8 லட்சம் டாலர் வீட்டுக்கு 1,200 டாலர் கட்டியவர், அந்த வீடு 8,80,000 ஆன பிறகு கட்டப்போவது 1,212 டாலர். பன்னிரண்டே டாலர்தான் கூடுதல்.

அதே ஆண்டில் எங்கள் செலவு எவ்வளவு கூடியது? சம்பளம், மருத்துவக் காப்பீடு, டீசல் எதுவும் 1 சதவீதத்தோடு நிற்பதில்லை. தீயணைப்பு வண்டி ஒன்றின் விலை இன்று 10 லட்சம் டாலரைத் தொட்டுவிட்டது. பல ஆர்டர்கள் கைக்கு வர இரண்டு மூன்று ஆண்டு ஆகிறது. முதல் ஆண்டு இடைவெளியைச் சமாளிக்கலாம். ஐந்தாறு ஆண்டு சேர்ந்தால் முடியாது. அப்போதுதான் இறங்கிப்போன விகிதத்தைப் பழைய இடத்துக்கு ஏற்ற மக்களிடம் அனுமதி கேட்கிறோம். இதற்கு 'லெவி லிட் லிஃப்ட்' என்று பெயர். மேலே சொன்ன வீட்டுக்கு, அந்த ஓராண்டு இறக்கத்தை மட்டும் சரிசெய்ய, அது ஆண்டுக்கு 108 டாலர், மாதம் 9 டாலர். பாதிக்கு மேல் வாக்கு விழுந்தால் போதும்.

இந்தப் பணம் எங்கே போகிறது என்று கேட்டால் நான் முதலில் சொல்வது வண்டியில் ஏறும் ஆட்களைப் பற்றித்தான். எரியும் வீட்டுக்குள் இரண்டு பேர் நுழைகிறார்கள் என்றால் வெளியே இரண்டு பேர் தயாராக நிற்க வேண்டும் என்பது பணிப் பாதுகாப்பு விதி. உள்ளே ஆள் சிக்கியிருப்பது தெரிந்தால் விதிவிலக்கு உண்டு. இல்லையென்றால், இரண்டு பேரோடு போன வண்டி அடுத்த வண்டி வரும்வரை வெளியில் இருந்து தண்ணீர் அடிக்கத்தான் முடியும். இன்றைய வீடுகளில் சோபா, மெத்தை, திரை எல்லாம் செயற்கைப் பொருள். ஒரு அறை முழுவதும் ஒரே நேரத்தில் பற்றிக்கொள்ள ஐந்து நிமிடம்கூட ஆகாது என்று சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள். பழைய மரச்சாமானும் பருத்தித் துணியும் இருந்த அறை அரை மணி நேரம் வரை தாங்கியது.

சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் கேட்ட உயர்வைச் சில நூறு வாக்குகளில் இழந்தோம். அன்று நான் தயாரித்த விளக்கத் தாளை இப்போது எடுத்துப் பார்த்தாலும் மனம் கனக்கிறது. பக்கம் முழுக்கச் சதவீதம். எந்த நிலையத்தில் எத்தனை பேர் குறைவார்கள் என்று ஒரு வரி இல்லை. அடுத்த ஆண்டு ஓய்வு பெற்றவர்களின் இடத்தை நிரப்பவில்லை. ஒரு நிலையத்தில் மூன்று பேர் ஏறிய வண்டியில் இரண்டு பேர் ஏறினார்கள். அந்தக் குளிர்காலத்தில் ஒரு வீட்டுச் சமையலறையில் தீ. இரண்டு பேரும் நல்ல நேரத்துக்கே போய்ச் சேர்ந்தார்கள். வீட்டில் யாரும் இல்லை என்று உறுதியானதால் உள்ளே நுழைய முடியாமல், அடுத்த வண்டிக்காகக் காத்துக்கொண்டே வெளியில் நின்று தண்ணீர் அடித்தார்கள். யாருக்கும் காயமில்லை. வீடு போய்விட்டது. இரண்டாம் முறை வாக்கெடுப்புக்குப் போனபோது என் தாளில் ஆட்கணக்கு முதல் வரியில் இருந்தது. அந்த முறை மக்கள் ஒப்புக்கொண்டார்கள்.

வாக்குச்சீட்டில் 'ஈஎம்எஸ் லெவி' என்று இருந்தால் அது வேறு. அது மருத்துவ அவசரத்துக்கானது. அமெரிக்காவில் தீயணைப்புத் துறைகளுக்கு வரும் அழைப்புகளில் பாதிக்கும் மேல் மருத்துவ உதவி கேட்டுத்தான். தீ பற்றியவை நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. 1970-ல் சியாட்டிலில் டாக்டர் லியோனார்ட் காப்பும் தீயணைப்புத் தலைவர் கார்டன் விக்கரியும் சேர்ந்து 'மெடிக் ஒன்' சேவையைத் தொடங்கினார்கள். தீயணைப்பு வீரர்களுக்கே பாராமெடிக் பயிற்சி கொடுத்து, மாரடைப்பு வந்தவரின் வீட்டு வாசலுக்கே சிகிச்சையைக் கொண்டுபோனார்கள். சியாட்டிலும் சுற்றுவட்டாரமும் அடங்கிய கிங் கவுன்டி முழுவதற்குமான ஈஎம்எஸ் லெவி 1979-ல் வந்தது. 2019-ல் மக்கள் ஒப்புக்கொண்ட விகிதம் 1,000 டாலருக்கு 26.5 சென்ட், ஆறு ஆண்டுக்கு. இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்தியும் மின் அதிர்ச்சி கொடுத்தும் உதவாமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. நம்மவர்களுக்கு இதய நோய் சின்ன வயதிலேயே வருகிறது என்பதை நினைத்தால், இந்த வரியை நான் தள்ளி வைத்துப் பார்க்க முடியவில்லை.

வரியே வேண்டாம், தேவைப்படுகிறவர் கட்டணம் கட்டட்டும் என்றும் சிலர் சொல்வார்கள். டென்னசி மாநிலத்தில் சவுத் ஃபுல்டன் என்ற சிறு நகரம். அப்போது நகருக்கு வெளியே இருந்த வீடுகள் ஆண்டுக்கு 75 டாலர் சந்தா கட்டினால்தான் வண்டி வரும் என்று விதி இருந்தது. 2010-ல் சந்தா கட்டாத ஒரு குடும்பத்தின் வீடு எரிந்தது. தீயணைப்பு வீரர்கள் வந்தார்கள். சந்தா கட்டியிருந்த பக்கத்து நிலத்துக்குத் தீ பரவாமல் பார்த்துக்கொண்டார்கள். அந்த வீட்டை எரிய விட்டார்கள். அந்த வீரர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்களுக்குக் கொடுத்த விதி அது. அப்படி ஒரு விதி என் ஊருக்கு வரக் கூடாது.

எதற்கு வாக்களியுங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. பணி நேரத்தில், அலுவலகப் பொருள்களை வைத்துப் பிரசாரம் செய்ய எங்களுக்குச் சட்டத் தடை உண்டு. இதை வீட்டிலிருந்து எழுதினாலும் அந்தக் கோட்டைத் தாண்ட விரும்பவில்லை. ஆனால் படிக்காமல் விட்டுவிடாதீர்கள். வாக்குச்சீட்டில் மூன்று விஷயங்களைத் தேடுங்கள். கேட்கும் விகிதம் என்ன. இப்போதைய விகிதம் என்ன என்பதை சொத்து மதிப்பைக் கணக்கிடும் கவுன்டி அசெஸர் தளத்தில் உங்கள் முகவரியைப் போட்டுப் பார்த்து ஒப்பிடுங்கள். எத்தனை ஆண்டுக்கு. அப்புறம், கூடிய தொகை பிற்கால வரிக்கு அடிப்படையாகுமா, காலம் முடிந்ததும் பழைய நிலைக்குத் திரும்புமா. இந்த மூன்றாவதைப் பெரும்பாலோர் கவனிப்பதே இல்லை, நிரந்தரச் சுமையா தற்காலிகமா என்பது அதில்தான் இருக்கிறது. பல நேரம் வாக்காளர் கையேட்டில் ஆதரவு, எதிர்ப்பு இரண்டு வாதமும் இருக்கும். எதிர்ப்பையும் படியுங்கள், சில சமயம் அவர்கள் கேட்கும் கேள்வி எங்களுக்கே பயன்பட்டிருக்கிறது.

இன்னொன்று. வீட்டுக் கடன் வைத்திருப்பவர்களில் பலருக்கு வரி எஸ்க்ரோ வழியாக, அதாவது மாதத் தவணையோடு சேர்த்து வாங்கிக் கடன் நிறுவனமே கட்டிவிடும் கணக்கு வழியாகப் போய்விடுவதால் ரசீதே கண்ணில் படுவதில்லை. ஆண்டுக்கு ஒரு முறையாவது அதை எடுத்துப் பாருங்கள். பள்ளி, நூலகம், தீயணைப்பு என்று தனித்தனியாகப் பிரித்துப் போட்டிருக்கும் விவரமும் கிடைக்கும். 61 வயது நிறைந்தவர்கள் தங்கள் சொந்த வீட்டில் வசித்து, வருமானம் கவுன்டி வரம்புக்குள் இருந்தால் வரிச் சலுகை கேட்கலாம். அசெஸர் அலுவலகத்தில் விண்ணப்பம் கிடைக்கும். விண்ணப்பித்தால்தான் சலுகை, தானாக வராது.

விசாவிலும் பச்சை அட்டையிலும் இருப்பவர்கள் இதே வரியைக் கட்டுகிறார்கள், வாக்கு மட்டும் கிடையாது. அவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. தீயணைப்பு மாவட்டத்தை நிர்வகிக்கும் கமிஷனர்களின் கூட்டம் பொதுமக்களுக்குத் திறந்தது. குடியுரிமை கேட்க மாட்டார்கள். அடுத்த ஆண்டு வரிக்கான பொது விசாரணை வழக்கமாக இலையுதிர் காலத்தில், நவம்பரை ஒட்டி நடக்கும். கணக்குத் தாள்களோடு நான் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பேன். போன முறை எதிரே இருந்த நாற்காலிகளில் மூன்று பேர் இருந்தார்கள், அதில் ஒருவர் எங்கள் ஓய்வுபெற்ற கேப்டன்.