கௌபாய்: பெயரில் மாடு, போஸ்டரில் குதிரை

கௌபாய் என்ற சொல்லைப் பிரித்தால் பசுவும் பையனும்தான் கிடைக்கும். மாடு மேய்க்கும் பையன், அவ்வளவே. ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டதும் நம் கண்ணில் மாடா தெரிகிறது? அகலத் தொப்பி, இடுப்பில் துப்பாக்கி, முன்னங்காலைத் தூக்கி நிற்கும் குதிரை!

18-ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் இது மாடு ஓட்டும் சிறுவனைக் குறித்த சாதாரணச் சொல். அமெரிக்க விடுதலைப் போரின்போது, நியூயார்க் பக்கத்தில் மாடு திருடிய பிரிட்டிஷ் ஆதரவுக் கும்பல்களுக்கும் இதே பெயர் இருந்தது. 1860-களுக்குப் பிறகு டெக்சாஸிலிருந்து கான்சஸ் ரயிலடிவரை மந்தை ஓட்டிப் போன கூலியாட்களுக்கு வந்து சேர்ந்தது. மீசை முளைத்தவர்களுக்கும் 'பையன்' ஒட்டிக்கொண்டே வந்தது; நாம் 'கடைப்பையன்' என்கிறோமே, அப்படி. அவர்கள் தொழில் கற்றது வக்கேரோக்கள் எனப்பட்ட மெக்சிகோவின் மாடு மேய்ப்பவர்களிடம். ஸ்பானிய மொழியில் வாக்கா என்றால் பசு. அங்கேயும் பெயருக்குள் மாடுதான்.

அப்புறம் எப்படி மாடு மறைந்தது? பஃபலோ பில் என்ற அமெரிக்கக் காட்சிக்காரர் 1883-இல் தொடங்கிய குதிரைக் காட்சிகள் ஒரு காரணம். மௌனப்பட விளம்பரங்கள் அதை முடித்துவைத்தன. 1910-களில் புகழ்பெற்ற நடிகர் ஆண்டர்சன் 'பிராங்கோ பில்லி' ஆனார். பிராங்கோ என்பது அடங்காத குதிரை. மிருகத்தின் முரட்டுத்தனம் அப்படியே மனிதனின் பெயராகிவிட்டது. இன்னொரு மௌனப்பட நாயகனான டாம் மிக்ஸின் போஸ்டர்களிலோ அவர் பெயருக்குப் பக்கத்திலேயே 'அதிசயக் குதிரை டோனி' என்று அச்சிட்டார்கள். நெற்றியில் வெள்ளைப் பட்டை உள்ள அந்தக் குதிரையின் பெயரிலேயே 1922-இல் 'ஜஸ்ட் டோனி' என்ற படம் வந்தது. 1927-இல் ஹாலிவுட்டின் சைனீஸ் தியேட்டர் முற்றத்து சிமென்ட்டில் மிக்ஸின் தடத்தோடு டோனியின் குளம்புத் தடமும் பதிந்தது. குரல் கேட்காத படத்துக்கு, நாயகனின் ஆண்மையை ஒரே பார்வையில் காட்ட இதைவிட நல்ல வழி இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. குதிரை யாருக்கு அடங்குகிறதோ அவன் வீரன்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'மாடு மேய்ப்பவன்' பொருளில் சரி. ஆனால் படிக்காத பிள்ளையை 'மாடு மேய்க்கத்தான் போகணும்' என்று திட்டித் திட்டியே அந்தத் தொழிலின் மதிப்பைக் குறைத்துவிட்டோம். இது எனக்கு உண்மையிலேயே வருத்தம். கலித்தொகையின் முல்லைப் பாட்டில், கொல்லும் காளையின் கொம்புக்கு அஞ்சுகிறவனை ஆயர்மகள் மறுபிறவியிலும் தழுவமாட்டாள். மாட்டை வைத்தே ஆண்மையை அளந்த மொழி இது. அங்கே மிருகம் எதிராளி, போஸ்டரிலோ கூட்டாளி.

ஆயர் என்பதற்குள்ளும் 'ஆ', அதாவது பசு இருக்கிறது. கௌபாய்க்கு அச்சாகப் பொருந்தும். ஆனால் இன்று ஆயர் என்றால் கிறித்தவ மறைமாவட்டத் தலைவர்தான் நினைவுக்கு வருவார். அதனால், டெக்சாஸில் மந்தை ஓட்டியவர்களைப் பற்றி எழுதும்போது 'மாட்டிடையர்' என்றே எழுதலாம், தெளிவாக இருக்கும். டோனி மேல் ஏறி வந்த திரைநாயகனைக் கௌபாய் என்றே விட்டுவிடலாம். அவர் மாடு மேய்த்து யாரும் போஸ்டரில் பார்த்ததில்லை.