மாணவர்கள் ஒன்றும் சொல்லவில்லை என்பதால் உடம்பில் ஒன்றும் இல்லை என்று நினைக்காதீர்கள்

“காலேஜ் பிள்ளைகள் வந்து பிரஷர் எல்லாம் பார்த்துவிட்டுத்தானே போனார்கள், ஒன்றும் சொல்லவில்லையே.” சமூக மருத்துவத் துறையில் வேலை பார்க்கும் நான் இந்தப் பேச்சை வருடக்கணக்கில் கேட்டு வருகிறேன். இந்த முறை இதைச் சொன்னவர், பக்கவாதம் தாக்கி வலது கையும் பேச்சும் போன ஓர் அம்மாவின் மகன். மழைக்காலம் தொடங்கும் முன் அவர்கள் தெருவில் மருத்துவக் கல்லூரி மாணவர்கள் ஓர் ஆய்வுக்காகக் கணக்கெடுத்திருக்கிறார்கள். எந்தக் கல்லூரி என்பது இங்கே வேண்டாம். அங்கே கேட்டதும் அந்த அம்மாவின் படிவத்தைத் தேடி எடுத்துக் கொடுத்தார்கள்.

நல்ல கையெழுத்தில் பூர்த்தி செய்யப்பட்ட படிவம். முதல் அளவு 192/114, இரண்டாம் அளவு 188/112. ‘ஏற்கெனவே உயர் ரத்த அழுத்தம் உண்டா?’ இல்லை. ‘மருந்து எடுக்கிறாரா?’ இல்லை. வாரத்தில் எத்தனை நாள் காய்கறி, எத்தனை நாள் கருவாடு, ஊறுகாய் என்பது வரை ஒரு கட்டமும் விடுபடவில்லை. ஆய்வேட்டின் அட்டவணையில் இந்த அம்மா ‘புதிதாகக் கண்டறியப்பட்டவர்’ என்ற வரிசையில் இடம்பெற்றிருப்பார். தனக்குப் பிரஷர் இருப்பது அவருக்கு மட்டும் தெரியாது.

மக்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கணக்கெடுப்பு வேறு, பரிசோதனை வேறு. நீங்கள் மருத்துவரிடம் போனால் அவர் கவலைப்படுவது உங்களைப் பற்றி. ஆய்வுக்கு வருகிறவர் கையில் ஒரு பட்டியல் இருக்கிறது, அதில் உங்கள் வீடு ஓர் எண். இந்த ஊரில் நூறு பேரில் எத்தனை பேருக்குச் சர்க்கரை, எத்தனை பேருக்கு ரத்தசோகை என்று அறிவதுதான் அவருடைய வேலை. கழுத்தில் ஸ்டெதஸ்கோப் தொங்கினாலும், வெள்ளைக் கோட்டு போட்டிருந்தாலும், அவர் பெரும்பாலும் இன்னும் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளை. ஒவ்வொரு மாணவரும் சில குடும்பங்களின் உடல்நலத்தைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும் என்ற தேசிய மருத்துவ ஆணையத்தின் குடும்பத் தத்தெடுப்புத் திட்டத்தில் முதலாம் ஆண்டு மாணவர்களே வீடு வீடாக வருகிறார்கள். உங்கள் திண்ணையில் உட்கார்ந்து அளவெடுத்த பிள்ளைக்கு, அந்த அளவு ஆபத்தானது என்று சொல்லும் துணிச்சல்கூட இன்னும் வந்திருக்காது. தப்பாகச் சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்ற பயம் இருக்கும். அதனால் எழுதிக்கொண்டு எழுந்துவிடும். அந்த மௌனத்தை நீங்கள் ‘எல்லாம் சரியாக இருக்கிறது’ என்று எடுத்துக்கொள்கிறீர்கள். அதன் பிறகு தலை சுற்றினாலும் ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை. “இப்போதுதானே பார்த்தார்கள்” என்று இருந்துவிடுகிறீர்கள். யாருமே வராமல் இருந்திருந்தால்கூட ஒருவேளை போயிருப்பீர்கள். என்னை மிகவும் வாட்டுவது இதுதான்.

தமிழ்நாட்டில் 2020-இல் உலக சுகாதார நிறுவனத்தின் ‘ஸ்டெப்ஸ்’ முறையில் நடந்த கணக்கெடுப்பில் பெரியவர்களில் மூன்றில் ஒருவருக்கு உயர் ரத்த அழுத்தம் இருப்பது தெரிந்தது. அவர்களில் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் நூற்றுக்கு ஏழு பேர்தான். இப்படிப்பட்ட ஊரில், கண்ணெதிரே கிடைத்த ஓர் எண்ணைக் கட்டத்துக்குள் எழுதிவிட்டு நகர்வது எப்படி முடிகிறது?

மாணவர்களே, உங்கள் நெருக்கடி எனக்குத் தெரியும். மாதிரி அளவு, அதாவது பார்த்தாக வேண்டிய ஆட்கள், 384. அதைக் கணக்கிடும் சூத்திரத்தில் நோய் ஐம்பது சதவீதம் பேருக்கு இருக்கும் என்று போட்டால் வழக்கமாக இந்த எண்தான் வரும் என்பதால் நம் துறையில் பாதி ஆய்வேடுகள் இதே எண்ணோடு வருகின்றன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) குறுகிய கால மாணவர் ஆய்வென்றால் கையில் இருப்பது இரண்டே மாதம். வெயில் வேறு. அதற்காக, மாடிப்படி ஏறி வந்தவரை உட்காரவைத்த உடனே பிரஷர் கருவியின் பட்டையைக் கையில் சுற்றாதீர்கள். ஐந்து நிமிடம் அமைதியாக உட்காரட்டும். முதுகுக்குச் சாய்மானம், கால் தரையில், கை நெஞ்சு மட்டத்தில். அளக்கும்போது கேள்வி கேட்காதீர்கள். பருத்த கைக்குச் சிறிய பட்டையைச் சுற்றினால் அளவு கூடுதலாகக் காட்டும். பாதரசக் கருவியில் எடுத்த அளவுகளெல்லாம் பூஜ்யத்தில் முடிந்தால், சரியாகப் பார்க்காமல் தோராயமாக எழுதியது தெரிந்துவிடும். உங்கள் வழிகாட்டி ஏமாறலாம், புள்ளிவிவரம் தெரிந்தவர் ஏமாற மாட்டார்.

ரத்த அழுத்தத்தோடு இது முடிவதில்லை. மனச்சோர்வு பற்றிய ஆய்வுகள் இப்போது பெருகிவிட்டன. பிஎச்க்யூ-9 கேள்வித்தாளை எடுத்துக்கொண்டு விடுதிகளுக்கும் சுயஉதவிக் குழுக்களுக்கும் போகிறீர்கள். அதன் ஒன்பதாவது கேள்வி, கடந்த இரண்டு வாரங்களில் செத்துப்போனால் நல்லது என்றோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ள வேண்டும் என்றோ எண்ணம் வந்ததா என்பது. ஒருவர் ‘ஏறக்குறைய தினமும்’ என்று பதில் சொல்கிறார். நீங்கள் 3 என்று குறித்துக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகிறீர்கள். இப்படிக் குறிக்கப்பட்ட தாள்களை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து இதை மட்டும் செய்யாதீர்கள். அந்த இடத்தில் ஆய்வு நிற்க வேண்டும். பேனாவை மூடிவிட்டு அவரோடு உட்காருங்கள். உங்கள் ஆசிரியரை அப்போதே போனில் கூப்பிடுங்கள், அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண்ணான 14416-இல் அவரைப் பேசவையுங்கள். மனநலத் துறையோடு பேசி ஏற்பாடு செய்யாமல் அந்தக் கேள்வித்தாளை வெளியே எடுத்துச் செல்லவே கூடாது.

வழிகாட்டிகளுக்கும் ஒரு வார்த்தை. ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவுக்குக் கொடுக்கும் விண்ணப்பத்தில் ‘நோய் கண்டறியப்பட்டவர்கள் சிகிச்சைக்குப் பரிந்துரைக்கப்படுவார்கள்’ என்று ஒரு வரி எழுதுகிறோம். யாரிடம், எந்த நாளில், யார் கூட்டிப்போவார், போனாரா என்று யார் கேட்பார் என்பதும் அந்த வரிக்குக் கீழே இருக்க வேண்டும். நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் ஆய்வு ஒன்று இதே மண்ணில் நடந்தது. 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், நோயாளிகளைச் சானடோரியம் என்னும் காசநோய் மருத்துவமனையில் வைத்துப் பார்ப்பதா, வீட்டிலேயே வைத்து மருந்து கொடுப்பதா என்று ஒப்பிட்டுப் பார்த்தது. வீட்டிலேயே குணமாக்கலாம் என்று 1959-இல் வெளியான முடிவு உலக நாடுகளின் நடைமுறையையே மாற்றியது. அந்த ஆய்வில் சேர்ந்தவர்களின் வீடுகளுக்கு ஆட்கள் திரும்பத் திரும்பப் போனார்கள், மாத்திரை ஒழுங்காகப் போகிறதா என்று பார்த்தார்கள், உடன் வசித்த குடும்பத்தாரையும் பரிசோதித்தார்கள். எண்ணையும் எடுத்தார்கள், ஆளையும் கவனித்தார்கள்.

இனி, கதவைத் திறந்துவிடும் உங்களுக்கு. ஆய்வுக்கு வருகிறவர்களைத் துரத்தாதீர்கள், அவர்கள் எடுக்கும் கணக்கு ஊருக்குத் தேவை. ஆனால் கேளுங்கள். கையெழுத்தோ கைநாட்டோ போடும் முன், தமிழில் எழுதிய தகவல் தாள் ஒன்று உங்களுக்கு வர வேண்டும், அதில் ஆய்வு செய்பவரின் தொலைபேசி எண் இருக்க வேண்டும். அதை ரேஷன் கார்டோடு பத்திரமாக வையுங்கள். விருப்பமில்லை என்றால் மறுக்கலாம், அதற்காக எந்த அரசு மருத்துவமனையும் உங்களுக்குச் சிகிச்சை தர மறுக்கக் கூடாது. அளவு எடுத்தால், “எவ்வளவு இருக்கிறது? ஒரு துண்டுச் சீட்டில் தேதி போட்டு எழுதிக் கொடு தம்பி” என்று கேளுங்கள். ரத்தம் எடுத்தால், முடிவு எந்தத் தேதியில் யார் கையில் வரும் என்று கேட்காமல் கையை நீட்டாதீர்கள். பள்ளியில் மகளுக்கு ஹீமோகுளோபின் பார்த்தார்கள் என்றால் மறுநாளே போய் அளவைக் கேட்டு வாங்குங்கள்.

சீட்டில் 140/90-ஐத் தாண்டியிருந்தால் அந்த வாரமே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் மறுபடி அளந்து பாருங்கள். 180/110-க்கு மேல் என்றால் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். அதோடு நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணுதல், கை கால் மரத்துப்போதல் இருந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். மாத்திரை அரசு நிலையங்களில் இலவசம், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். நீங்கள் அவர்கள் பட்டியலில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். உங்கள் தெருவுக்கு வரும் பெண் தன்னார்வலரிடம் அந்தத் துண்டுச் சீட்டைக் காட்டி உங்கள் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள்.