கணவர் ஐ.நா. பணிக்குப் புறப்படும் முன் ரெக்கார்ட்ஸில் உங்கள் பெயர் ஏறிவிட்டதா?

வெளிநாட்டில் பணியில் இருக்கும் படைவீரரைப் பற்றிய அதிகாரபூர்வமான தகவல், ராணுவப் பதிவேட்டில் நெருங்கிய உறவினர் என்று யார் பெயர் இருக்கிறதோ அவருக்குத்தான் வரும். அங்கே எழுதியிருக்கும் முகவரிக்கு வரும், அங்கே எழுதியிருக்கும் எண்ணுக்கு வரும். தாலி கட்டி இரண்டு பிள்ளை பெற்றிருந்தாலும், பதிவேட்டில் பெயர் இல்லையென்றால் அலுவலகத்தைப் பொறுத்தவரை நீங்கள் யாரோ ஒருவர். கணவர் காயமடைந்த செய்தியைப் பங்காளி வீட்டுப் பையன் சொல்லித் தெரிந்துகொண்ட ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். பதிவேட்டில் இருந்தது மாமனார் பெயரும் பழைய வீட்டு முகவரியும். மாமனாருக்கும் மகனுக்கும் பேச்சு நின்று வெகுகாலமாகியிருந்தது. சாயல்குடி முதல் தொண்டி வரை இந்த ராமநாதபுரம் மாவட்டக் கரையில் ராணுவத்துக்குப் பிள்ளைகளை அனுப்பிய வீடுகள் நிறைய. இன்னொரு பெண்ணுக்கு இப்படி நேரக் கூடாது.

பின்னணி சுருக்கமாக. ஐ.நா. அமைதிப் படைக்காக நம் வீரர்கள் காங்கோ, தெற்கு சூடான், லெபனான் போன்ற நாடுகளுக்கு அனுப்பப்படுகிறார்கள். பெரும்பாலும் ஓராண்டுப் பணி. லெபனான் பணியை 2026 டிசம்பர் 31-உடன் முடிக்க ஐ.நா. பாதுகாப்பு அவை முடிவு செய்திருக்கிறது. நீல தொப்பி அணிந்தாலும் அவர் இந்திய ராணுவ வீரர்தான். அவரைப் பற்றிக் குடும்பத்துக்குச் சொல்ல வேண்டிய பொறுப்பு ராணுவத்துடையது. இவ்வளவு தெரிந்தால் போதும்.

இனி சிக்கலுக்கு வருவோம். படையில் சேர்ந்த நாளில் தாய் தந்தை பெயரைத்தான் எழுதிக்கொள்வார்கள். திருமணம் ஆனதும் அது தானாக மாறிவிடாது. திருமண ஆவணங்களை யூனிட்டில் கொடுத்து, குடும்ப விவர மாற்றத்தை அறிவிக்கும் ‘பார்ட் டூ ஆர்டர்’ என்ற ஆணை வெளியாகி, அது வீரர்களின் பதிவேடுகளை வைத்திருக்கும் ரெக்கார்ட்ஸ் அலுவலகத்தில் பதிவாக வேண்டும். மெட்ராஸ் ரெஜிமென்டுக்கு அந்த அலுவலகம் வெலிங்டனில் இருக்கிறது, மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படைக்குப் பெங்களூரு, பீரங்கிப் படைக்கு நாசிக், சிக்னல்ஸ் என்ற தகவல் தொடர்புப் படைக்கு ஜபல்பூர். யூனிட்டில் காகிதத்தைக் கொடுத்ததோடு வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் முதல் பள்ளம். ஆர்டரின் எண்ணும் தேதியும் உங்கள் கைக்கு வரும்வரை பெயர் ஏறவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆவணம் என்று கேட்டால் அடுத்த அலைச்சல் தொடங்கும். விடுப்பில் வந்து திருமணம் முடித்தவர், விருந்து முடிவதற்குள் புறப்பட்டுவிடுகிறார். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு இருவரும் சாட்சிகளோடு போயாக வேண்டும். தமிழ்நாட்டுத் திருமணப் பதிவுச் சட்டப்படி 90 நாளைக்குள் பதிய வேண்டும். கூடுதல் கட்டணம் கட்டினால் மேலும் 60 நாள். அவருக்கு அடுத்த விடுப்பு கிடைப்பதற்குள் இரண்டு கெடுவும் கடந்துபோகும். ஆகவே மறுவீட்டுக்குப் போவதற்கு முன் பதிவுக்குப் போங்கள். கோயில் ரசீது இருக்கிறதே, ஜமாஅத் பதிவேட்டின் நகல் இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். பதிவுச் சான்று கையில் இருந்தால் எந்த மேசையிலும் மறுத்துப் பேச முடியாது.

அதன் பிறகு எழுத்து. நம் பக்கத்தில் ஆதாரில் லட்சுமி என்றும் திருமணச் சான்றில் லெட்சுமி என்றும் இருப்பது சாதாரணம். ஒன்றில் தந்தையின் தலைப்பெழுத்து, இன்னொன்றில் கணவரின் தலைப்பெழுத்து. ஆங்கிலத்தில் எழுதும்போது இன்னும் ஓர் எழுத்து கூடும் அல்லது குறையும். ரெக்கார்ட்ஸில் இருக்கும் எழுத்தருக்கு இவை இரண்டு பெண்கள். காகிதம் திரும்பி வரும், பல நேரங்களில் எதற்காகத் திரும்பியது என்ற ஒரு வரிகூட இல்லாமல். அவர் பெயர், உங்கள் பெயர், இருவரின் பிறந்த தேதி ஆகியவை படைப் பதிவேட்டில் எப்படி இருக்கின்றன என்று யூனிட் எழுத்தரிடம் கேட்டு, அப்படியே ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். ஆதார், வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் பிறப்புச் சான்று எல்லாவற்றையும் அந்தத் தாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். திருத்தம் எதுவாக இருந்தாலும் அவர் ஊரில் இருக்கும்போதே முடியுங்கள். அவர் கடல் கடந்து போயிருக்கும்போது குழந்தை பிறந்தால் அதற்கும் தனியாகப் பார்ட் டூ ஆர்டர் வேண்டும். பிறப்புச் சான்றில் தந்தை பெயரை அந்தத் தாளில் உள்ளபடியே எழுதச் சொல்லுங்கள்.

ராணுவக் குழுக் காப்பீட்டின் நியமனம், அதாவது பணம் யாருக்குச் சேர வேண்டும் என்று எழுதுவது, தனி. நெருங்கிய உறவினர் பெயர் மாறியதால் காப்பீட்டிலும் மாறிவிட்டது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், நகலைக் காட்டச் சொல்லுங்கள். மாமனார் மாமியாருக்கு ஒரு பங்கு என்றால் அதையும் இப்போதே, அவர்களுக்குத் தெரிய, எழுதிவிடுவது நல்லது. பின்னால் குடும்பம் இரண்டாகப் பிளந்ததைப் பார்த்தவன் சொல்கிறேன்.

புறப்படும் முன் ஒரு நோட்டில் எழுதி வாங்க வேண்டியவை: அவருடைய ராணுவ எண், பதவி, யூனிட்டின் பெயர், கம்பெனியின் பெயர், ரெக்கார்ட்ஸ் முகவரி, கடிதம் போட வேண்டிய ஏ.பி.ஓ. (ராணுவ அஞ்சல் நிலையம்) முகவரி. இவற்றைவிட முக்கியம், யூனிட் போன பிறகும் இந்தியாவிலேயே தங்கியிருக்கும் குழுவான ‘ரியர் பார்ட்டி’யின் தொலைபேசி எண். யூனிட் வெளிநாட்டில் இருக்கும்போது, குடும்பத்தாரின் கேள்விக்குப் பதில் சொல்லக்கூடிய ஆள் இந்தக் குழுவில்தான் இருப்பார். ராணுவ எண் தெரியாமல் எங்கே தொலைபேசி செய்தாலும் முதல் கேள்வியிலேயே இணைப்பு அறுந்துவிடும்.

அவருடைய சிம் கார்டைப் பற்றி யாரும் எச்சரிப்பதில்லை. வங்கிக் கணக்கு, ஆதார், எரிவாயு எல்லாம் அவர் எண்ணோடு இணைந்திருக்கும். அவர் தெற்கு சூடானின் ஜூபாவில் இறங்கியதும் ஓ.டி.பி. யாருக்கும் வராது. மூன்று மாதம் பயன்படுத்தாமல் கிடந்தால் அந்த எண்ணே துண்டிக்கப்படலாம். சிம்மை வீட்டில் வைத்துவிட்டுப் போகச் சொல்லி, ரீசார்ஜ் செய்து உயிரோடு வைத்திருங்கள். வீட்டுச் செலவுக்கு இருவர் பெயரிலும் ஒரு கூட்டுக் கணக்கு இருக்கட்டும். சொத்து விஷயமாகப் பொது அதிகாரப் பத்திரம் வேண்டுமென்றால் அதையும் இங்கேயே பதிந்துகொள்ளுங்கள். வெளிநாட்டில் எழுதினால் தூதரகம், முத்திரைத் தீர்வை, மூன்று மாதக் கெடு என்று வேறொரு சங்கிலி தொடங்கும்.

இனி, தொலைக்காட்சியில் செய்தி வரும் இரவுகள். 2025 ஜனவரியில் காங்கோவின் கோமா நகரைக் கிளர்ச்சியாளர்கள் பிடித்தபோதும், 2024 அக்டோபரில் தெற்கு லெபனானில் ஐ.நா. நிலைகள் தாக்கப்பட்டபோதும், அங்கே ஆள் இருக்கும் வீடுகளில் யார் தூங்கியிருப்பார்கள்? வாட்ஸ்அப்பில் ஒற்றை டிக்கோடு நிற்கும் செய்தியைப் பார்த்துக்கொண்டே விடியும். அந்த நேரத்தில் இதை நினைவில் வையுங்கள்: மோதல் நடந்தால் முதலில் போவது மின்சாரமும் இணையமும். பல நேரங்களில் பாதுகாப்புக்காகவே கைப்பேசியை நிறுத்தச் சொல்லிவிடுவார்கள். அழைப்பு வராததைக் கெட்ட செய்தி என்று கொள்ள வேண்டாம். வீரருக்கு ஏதாவது நேர்ந்தால் ஐ.நா. முதலில் அவருடைய சொந்த நாட்டு அரசுக்குத் தெரிவிக்கும். அங்கிருந்து ராணுவம் வழியாகக் குடும்பத்துக்கு வரும். அதற்கு முன்பு வரும் வாட்ஸ்அப் பட்டியலையும் ஊர்ப் பேச்சையும் காதில் வாங்காமல், ரியர் பார்ட்டியை அழையுங்கள். கோமாவும் ஜூபாவும் நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால். இங்கே இரவு ஒன்பதரை என்றால் அங்கே மாலை ஆறு, பணி முடிந்து திரும்பும் வேளை. அவருடைய இடத்தையும் நகர்வையும் முகநூலில் நீங்களும் போடாதீர்கள். பிள்ளைகளையும் போட விடாதீர்கள்.

ஊரில் உதவி தேடும்போது முதலில் கேட்கும் பதில் ஒன்று உண்டு: ‘இது ஓய்வுபெற்றவர்களுக்கான அலுவலகம் அம்மா, உங்கள் வீட்டுக்காரர் இன்னும் பணியில்தானே இருக்கிறார், யூனிட்டில் கேளுங்கள்.’ யூனிட்டில் கேட்டால், ‘உங்கள் மாவட்டத்திலேயே கேளுங்கள்.’ பஸ் கட்டணமும் அரை நாள் கூலியும் போனதுதான் மிச்சம். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் பெயரில் ‘முன்னாள்’ இருந்தாலும், பணியில் இருப்பவர்களின் குடும்ப நலனும் அதன் வேலைதான். இதைச் சொல்லிவிட்டு, எழுத்து மூலமாக மனு கொடுங்கள். வாங்க மறுத்தால், மறுப்பதை எழுதித் தரச் சொல்லுங்கள். பட்டணம்காத்தானில் உள்ள ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை குறைதீர் நாள் நடக்கிறது. மனு எண் இல்லாமல் அங்கிருந்து வெளியே வராதீர்கள்.

நிலத் தகராறு என்றால் வெறும் மனு போதாது. கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் நிலத்தின் விலை ஏறியதிலிருந்து, ஆள் ஊரில் இல்லாத வீட்டுப் பனந்தோப்பில்தான் எல்லைக்கல் நகர்கிறது. உங்கள் மனு ஆட்சியரிடமிருந்து வட்டாட்சியருக்கு, அங்கிருந்து கிராம நிர்வாக அலுவலருக்கு என்று இறங்கி, நீங்கள் யார் மேல் குறை சொன்னீர்களோ அவர் மேசையிலேயே வந்து உட்காரும். ராணுவத்தில் இதற்கென்றே ஐ.ஏ.எஃப்.டி. 931 என்ற படிவம் இருக்கிறது. அவர் அங்கிருந்தே பூர்த்தி செய்து கொடுத்தால், கட்டளை அதிகாரி கையெழுத்திட்டு ஆட்சியருக்கோ காவல் கண்காணிப்பாளருக்கோ அனுப்புவார். சர்வே எண்ணும் பட்டா எண்ணும் அதில் பிழையில்லாமல் இருக்க வேண்டும். நீங்கள்தான் நகலெடுத்து அனுப்ப வேண்டும்.

வழக்கே போட்டுவிட்டார்கள் என்றால், 1925-ஆம் ஆண்டின் இந்தியப் படைவீரர் வழக்குச் சட்டத்தைக் கையில் எடுங்கள். கடல் கடந்து பணியில் இருப்பவர் மேல் உள்ள உரிமையியல் வழக்கை நிறுத்திவைக்க அதில் வழி இருக்கிறது. அவரால் வர முடியாது என்று மாவட்ட ஆட்சியரே நீதிமன்றத்துக்குச் சான்றளிக்கலாம். அவர் இல்லாதபோது ஒருதலைப்பட்சமாக வந்த தீர்ப்பை நீக்கக் கேட்கலாம். குற்ற வழக்குகளுக்கு இது பொருந்தாது. இந்தச் சட்டத்தைக் கேள்விப்படாத வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். பெயரையும் ஆண்டையும் எழுதிக் கொடுத்து, படிக்கச் சொல்லுங்கள்.

மோசடி அழைப்புகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ‘ஐ.நா.விலிருந்து பேசுகிறோம், உங்கள் கணவருக்கு விடுப்பு கிடைக்கக் கட்டணம் கட்டுங்கள்’ என்று ஆங்கிலத்திலோ இந்தியிலோ அழைப்போ மின்னஞ்சலோ வந்தால் அது ஏமாற்று வேலை. விடுப்புக்காக ஐ.நா. யாரிடமும் பணம் கேட்பதில்லை. குடும்பத்துக்கு நேரடியாகத் தொலைபேசி செய்வதும் இல்லை. ரெக்கார்ட்ஸ் என்று சொல்லிக்கொண்டு ஓ.டி.பி. கேட்டாலும் அப்படித்தான். இணைப்பைத் துண்டித்துவிட்டு, நோட்டில் எழுதிய எண்ணுக்கு நீங்களே அழைத்துக் கேளுங்கள். பணம் போய்விட்டது என்றால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே இணையக் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் புகார் சொல்லுங்கள். ஒரு மணி நேரம் முந்தினால் பணத்தை வழியிலேயே முடக்கும் வாய்ப்பு அதிகம். பிறகு வங்கிக்கும் எழுத்தில் கொடுங்கள்.