பந்து யார் கையில்?

உலக எய்ட்ஸ் தினமான டிசம்பர் 1 நெருங்கினால் பள்ளிகளுக்கு எங்கள் ஞாபகம் வந்துவிடும். "மேடம், பிரேயர் முடிஞ்சதும் அரை மணி நேரம் பேசிட்டுப் போங்க." எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்தில் ஆற்றுப்படுத்துநராகச் சேர்ந்த புதிதில் சார்ட்டைச் சுருட்டிக்கொண்டு ஓடுவேன். ஒரு பள்ளியில் தலைமையாசிரியை என்னை ஓரமாக அழைத்து, "ஆணுறைங்கிற வார்த்தை மட்டும் வேண்டாமே" என்றார். சரி என்றேன். எச்.ஐ.வி. எப்படிப் பரவும், எப்படிப் பரவாது என்று வரிசையாகச் சொன்னேன். பிள்ளைகள் பிசகாமல் திருப்பி ஒப்பித்தார்கள், கைதட்டினார்கள். நான் கேட்டைத் தாண்டுவதற்குள் ஒருவன் ஒல்லியாக இருந்த இன்னொருவனைப் பார்த்து, "டேய் எய்ட்ஸு" என்று கத்திவிட்டு ஓடினான்.

அந்த அரை மணி நேரத்தில் எங்கே கோட்டை விட்டேன் என்பது எனக்குப் பிடிபட்டது, ஜிம்பாப்வேயின் புலவாயோ நகரத்தில் தொடங்கிய ஒரு வேலையைப் பற்றிப் படித்தபோதுதான்.

புலவாயோ அந்த நாட்டின் இரண்டாவது பெரிய நகரம். ஹைலேண்டர்ஸ் என்ற கால்பந்துக் கிளப் அங்கே ஊர்ச்சாமி மாதிரி. ஸ்காட்லாந்து அணியின் முன்னாள் கோல்கீப்பர் பாபி கிளார்க் 1980களில் அந்தக் கிளப்புக்குப் பயிற்சியாளராகப் போனார். கூடவே போன பள்ளி வயது மகன் டாமி, வளர்ந்த பிறகு மறுபடியும் அங்கே போய் அதே கிளப்பில் ஆடினார். ஒன்றாக ஆடியவர்கள் ஒவ்வொருவராகச் செத்துக்கொண்டிருந்தார்கள். எதனால் என்று யாரும் வாய் திறக்கவில்லை. 1999 முடிவில் அந்த நாட்டில் வயதுவந்தோரில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு எச்.ஐ.வி. இருந்தது என்று ஐ.நா. மதிப்பிட்டது. வீட்டுக்கு வீடு நடந்த சாவு அது. ஆனாலும் அதன் பெயரைச் சொல்ல மாட்டார்கள்.

பின்னாளில் குழந்தை மருத்துவரான டாமி கிளார்க், 2002இல் கால்பந்து நண்பர்கள் சிலரோடு சேர்ந்து கிராஸ்ரூட் சாக்கர் என்ற தொண்டு நிறுவனத்தைத் தொடங்கினார். அந்த நண்பர்களில் மெத்தெம்பே என்ட்லோவு ஜிம்பாப்வே தேசிய அணிக்கு ஆடியவர். ஈத்தன் ஸோன் அமெரிக்காவின் 'சர்வைவர்' தொலைக்காட்சிப் போட்டியில் 10 லட்சம் டாலர் வென்றவர். அந்தப் பரிசுப் பணத்தில் ஒரு பங்கு இதற்கு வந்தது. அவர்கள் போட்ட கணக்கு எளிது. புலவாயோவில் ஒரு பையன் டாக்டர் சொன்னால் தலையாட்டுவான், ஹைலேண்டர்ஸ் ஆட்டக்காரர் சொன்னால் வீட்டில் போய்த் தம்பிக்கும் சொல்வான். அதனால் முதலில் கிளப் ஆட்டக்காரர்களுக்கே பயிற்சி கொடுத்துப் பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். பிறகு அந்தந்தப் பகுதி இளைஞர்களையே கோச்சுகளாக எடுத்துக்கொண்டார்கள்.

பாடம் என்று எதையும் நடத்துவதில்லை, எல்லாம் ஆட்டம். மைதானத்தில் பிளாஸ்டிக் கூம்புகளை நட்டு வைப்பார்கள். ஒன்று குடி, ஒன்று ஆணுறை இல்லாத உறவு, ஒன்று ஒரே நேரத்தில் பல பேரோடு பழக்கம், இன்னொன்று தன்னைவிட வயதில் ரொம்ப மூத்த துணை. இடையில் பந்தை உருட்டிக்கொண்டு வளைந்து வளைந்து போக வேண்டும். முதல் சுற்றில் கூம்பில் பட்டவர் மட்டும் தண்டால் எடுப்பார். இரண்டாவது சுற்றில் ஒருவர் இடித்தால் அவருடைய அணி முழுக்க எடுக்க வேண்டும். மூன்றாவதில் மைதானத்தில் இருக்கிற அத்தனை பேரும். 'நான் செய்தது என்னோடு போகட்டும்' என்று யாரும் சொல்ல முடியாது என்பது கை வலிக்கும்போது தானாகவே புரிந்துவிடுகிறது.

அந்த நாலாவது கூம்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆப்பிரிக்காவின் தெற்குப் பகுதி நாடுகளில் டீன் ஏஜ் பெண்களுக்கு அதே வயது ஆண்களைவிடப் பல மடங்கு அதிகமாகத் தொற்று வருகிறது. ஃபீஸ், போன், டாக்சிக் காசு என்று கொடுத்துப் பழகும் மூத்த ஆண்கள் இதற்கு ஒரு முக்கியக் காரணம். 'ஒழுக்கமாக இரு' என்று அந்தப் பெண்ணிடம் சொல்லி என்ன பயன்? ஃபீஸ் கட்டக் காசில்லாததுதான் அங்கே பிரச்சினை. பந்து அதைத் தீர்த்துவிடாது. ஆனால் பெண்பிள்ளைகளுக்கென்று தனியாக நடத்தும் ஆட்டங்களில், தங்களைவிட நாலைந்து வயதே மூத்த ஓர் அக்காவிடம் அதை வாய்விட்டுப் பேச இடம் கிடைக்கிறது. தென்னாப்பிரிக்காவில் கேப் டவுனை ஒட்டிய கயேலிட்ஷாவில், அந்த நாட்டில் நடந்த கால்பந்து உலகக் கோப்பைக்கு முந்தைய ஆண்டு, 2009இல், கால்பந்து வழியாக எச்.ஐ.வி. பற்றிப் பேசுவதற்கென்றே ஒரு மையம் திறந்தார்கள்.

பேச்சோடு நிற்காமல் கிளினிக்வரை கூட்டிப் போவதும் உண்டு. ஆண்கள் முன்தோல் நீக்கிக்கொண்டால் பெண்ணிடமிருந்து தொற்று வரும் வாய்ப்பு சுமார் 60 சதவீதம் குறைகிறது. புலவாயோவில் அந்த அறுவையைத் தானே செய்துகொண்ட ஒரு கோச், பள்ளிப் பையன்களோடு ஒரு மணி நேரம் ஆடி, தன் கதையைச் சொல்லி, பிறகு போன் போட்டு, கூடவே கிளினிக்குக்கும் வந்தார். இதற்குப் பலன் உண்டா என்று பார்த்த ஓர் ஆய்வில் அந்தப் பள்ளிகளில் 100க்கு 12 பையன்கள் செய்துகொண்டார்கள். கோச் போகாத பள்ளிகளில் 5 பேர்கூட இல்லை. நிதி கேட்கிற விளம்பரமாக இருந்தால் 'இரண்டரை மடங்கு' என்று கொட்டை எழுத்தில் போடுவார்கள். மீதி 88 பேர் வரவில்லை என்பதையும் சேர்த்தே நான் படிக்கிறேன். ஒரு மணி நேர ஆட்டத்துக்கு அதுவே பெரிது.

எனக்கு அந்தக் கூம்பு ஆட்டத்தில் ஓர் உறுத்தல் உண்டு. எங்கள் மையத்துக்கு எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மாத்திரை வாங்க வரும் பிள்ளைகளில் சிலருக்குத் தொற்று பிறக்கும்போதே தாயிடமிருந்து வந்தது. அவர்கள் எந்தக் கூம்பிலும் மோதவில்லை. இடித்தவனுக்குத் தண்டனை என்று ஆடும்போது அப்படி ஒரு பிள்ளை வரிசையில் நின்றால்? அதனால் அந்த ஆட்டத்தை நான் எடுக்கவில்லை. இன்னொன்றை எடுத்தேன்.

இரண்டு அணிகள் எதிரெதிரே நிற்க வேண்டும். ஓர் அணி கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, எச்.ஐ.வி. என்று எழுதிய டென்னிஸ் பந்தை ரகசியமாகக் கைமாற்றும். பந்து யாரிடம் என்று எதிரணி முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஓர் என்.எஸ்.எஸ். முகாமில் பிளஸ் ஒன் பிள்ளைகளோடு ஆடினோம். நாலு தடவை கேட்டேன். நாலு தடவையும் தப்பு. மூன்று முறை ஒரே பையனைக் காட்டினார்கள்.

"ஏன் அவனையே சொல்றீங்க?"

"பார்த்தாலே தெரியுது மிஸ், முழிக்கிறான்."

பந்து வகுப்பிலேயே நன்றாகப் படிக்கிற பெண்ணின் கையில் இருந்தது. அவள் கையை முன்னால் நீட்டியதும் ஒரு சத்தம் எழுந்ததே, என் சார்ட்டுக்கு ஒரு நாளும் அப்படி எழுந்ததில்லை. பிறகு 40 நிமிடம் கேள்விகள். ஆணுறை என்ற வார்த்தையை அவர்களே சொன்னார்கள்.

கலைந்து போகும்போது ஒருவன் பந்தைத் திருப்பிக் கொடுக்க வந்தான். கொடுத்துவிட்டும் நின்றான்.

"எங்க அம்மா ஏ.ஆர்.டி. மாத்திரை சாப்பிடுறாங்க மிஸ். பந்துல அந்தப் பேரை எழுதாம ஆட முடியாதா?"

அதற்குப் பிறகு நான் கொண்டுபோகும் பந்தில் எதுவும் எழுதுவதில்லை. நாலு சுற்றும் முடிந்த பிறகுதான் அது எதற்கான ஆட்டம் என்று சொல்கிறேன்.