பானெட் ஸ்கூப்: முட்டும் காற்றா, குளிர்ந்த காற்றா?

ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். லிட்டர் கணக்கில் பார்த்தால், ஒரு லிட்டர் பெட்ரோலுக்குச் சுமார் 11 கிலோ காற்று. கன்னியாகுமரி மாவட்டத்துக் கடலோர வெயிலில் அந்தக் காற்று 9,000 லிட்டருக்கும் மேல் இடம் பிடிக்கும். பெட்ரோலைக் கூடுதலாகக் கொடுப்பது சுலபம், இன்ஜெக்டர் இன்னும் கொஞ்ச நேரம் திறந்திருந்தால் போதும். காற்றைக் கூடுதலாக உள்ளே கொண்டுபோவதுதான் பெரும்பாடு. பானெட்டில் ஸ்கூப், அதாவது வெளிக்காற்றைப் பிடித்து உள்ளே அனுப்பும் வாய், வைக்க வேண்டும் என்ற ஆசை இங்கேதான் பிறக்கிறது. மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில் பக்கம் அப்படி மாற்றிய கார்கள் கண்ணில் படுகின்றன. செய்யப்போகிறேன் என்று சொல்லும் பையன்களும் இருக்கிறார்கள். ஆசையில் தப்பில்லை. ஆனால் தகட்டை வெட்டும் முன் அந்த ஓட்டைக்குள் என்ன நடக்கும் என்று தெரிந்துகொள்வது நல்லது.

ஸ்கூப்பை நம்புகிறவர்கள் சொல்லும் ராம் ஏர், அதாவது முட்டும் காற்று, என்பதன் தத்துவம் எளிது. ஓடும் காற்றை ஒரு வாயில் பிடித்து நிறுத்தினால் அதன் வேகம் அழுத்தமாக மாறும். 1732-இல் பிரான்சின் ஆன்றி பிட்டோ, பாரிஸின் சென் ஆற்றில் வளைந்த கண்ணாடிக் குழாயை வைத்து நீரின் வேகத்தை அளந்தது இதை வைத்துத்தான். இன்றைக்கும் விமானங்கள் தம் வேகத்தை அறிவது பிட்டோ குழாயால்தான். எவ்வளவு அழுத்தம் கிடைக்கும் என்பதற்கு ஒரு சூத்திரம் உண்டு: காற்றின் அடர்த்தியில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்க வேண்டும்.

சரி, பெருக்கிப் பார்ப்போம். 35 டிகிரி வெயிலில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை சுமார் 1.15 கிலோ. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் கிடைக்கும் அழுத்தம் 160 பாஸ்கல் (பாஸ்கல் என்பது அழுத்தத்தின் அலகு). 100 கி.மீ. வேகத்தில் 444 பாஸ்கல். வளிமண்டல அழுத்தமே ஒரு லட்சத்துச் சொச்சம் பாஸ்கல் என்பதால், 100 கி.மீ. வேகத்தில் ஸ்கூப் கூட்டிக் கொடுப்பது அரை சதவீதத்துக்கும் குறைவு. 80 குதிரைத்திறன் எஞ்சினுக்கு இது அரைக் குதிரை கூட வராது. அதுவும் ஒரு துளி நஷ்டமில்லாமல் முழு அழுத்தமும் சிலிண்டர் வரை போய்ச் சேர்ந்தால்!

வேகத்தின் வர்க்கம் என்பதால் பந்தயத்தில் கதை வேறு. 300 கி.மீ. வேகத்தில் இதே கணக்கு சுமார் 4,000 பாஸ்கல், அதாவது 4 சதவீதம். பார்முலா ஒன் கார்களில் ஓட்டுநர் தலைக்கு மேலே காற்றுவாய் இருப்பதன் காரணங்களில் இதுவும் ஒன்று.

நம் மாவட்டத்திலும் இந்த வர்க்கக் கணக்கைக் கண்கூடாகப் பார்க்க ஓர் இடம் உண்டு, ஆரல்வாய்மொழிக் கணவாய். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையின் அந்த இடைவெளியில் நெருக்கியடித்துக்கொண்டு நுழைவதால் வேகம் பிடிக்கிறது. முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பதும் அதனால்தான். ஜூலையில் முப்பந்தல் பக்கமிருந்து நாகர்கோவிலை நோக்கி 80 கி.மீ. வேகத்தில் வருகிறீர்கள், எதிர்க்காற்று 36 கி.மீ. வேகத்தில் அடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கூப்புக்கு நீங்கள் 116 கி.மீ. வேகத்தில் போகிறீர்கள். காற்று அசையாத நாளில் 280 பாஸ்கல் வந்த இடத்தில் இப்போது 600 பாஸ்கல், இரண்டு மடங்குக்கும் மேல். ஆனால் கார் தள்ள வேண்டிய காற்றுத்தடையும் அதே அளவில் இரட்டிப்பாகிறது. ஸ்கூப் கொடுத்ததைவிடக் காற்று பிடுங்கிக்கொண்டது பல மடங்கு அதிகம்.

அப்படியானால் ஸ்கூப்பால் பயனே இல்லையா? உண்டு, நிச்சயமாக உண்டு. அது அழுத்தத்தில் இல்லை, வெப்பத்தில் இருக்கிறது. மூடிய பானெட்டுக்குள் எஞ்சினும் ரேடியேட்டரும் சைலன்சர் குழாயும் சேர்ந்து காற்றை 60 டிகிரி வரை கூடச் சூடாக்கிவிடும். வெளியே 32 டிகிரி. சூடான காற்று விரிந்து கிடக்கும், அதே சிலிண்டருக்குள் குறைந்த ஆக்சிஜன்தான் அடங்கும். டிகிரியோடு 273-ஐக் கூட்டும் கெல்வின் கணக்கில் 333-ஐ 305-ஆல் வகுத்தால், குளிர்ந்த காற்று சுமார் 9 சதவீதம் அடர்த்தி கூடியது. போகும் வழியில் இன்டேக் குழாயும் வால்வும் காற்றை மறுபடி சூடாக்குவதால் அந்த 9 முழுதாகக் கைக்கு வராது. எஞ்சின் சோதனைக்கூடங்களின் திருத்தக் கணக்கில் வெப்பநிலை விகிதத்தின் வர்க்கமூலத்தை எடுப்பார்கள்; அப்படி எடுத்தால் 4.5 சதவீதம். 80 குதிரைத்திறனில் மூன்றரைக் குதிரை. முட்டும் காற்று கொடுத்ததைப்போல இது பத்து மடங்கு. தவிர, குளிர்ந்த காற்றில் எஞ்சின் தட்டும் (பெட்ரோல் கலவை தாறுமாறாக வெடித்து டக்டக்கென்று சத்தம் வரும்) வாய்ப்பும் குறைவு. மலைப்பாதையில் சுமையோடு ஏறுகிறவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

இந்த லாபம் எல்லா நேரமும் கிடைப்பதில்லை. பெட்ரோல் காரில் ஆக்சிலரேட்டர் என்பது காற்றை மறிக்கும் ஒரு கதவு. வெட்டூர்ணிமடம் நெரிசலில் ஊர்ந்து போகும்போது அந்தக் கதவை முக்கால்வாசி மூடி வைத்திருப்பது நீங்கள்தான், வாசலில் காற்றைக் கூட்டி ஒன்றும் ஆகப்போவதில்லை. மிதியை முழுதாக அழுத்தும்போதுதான் ஸ்கூப்புக்கு வேலை.

சரி, வாயை எங்கே வைப்பது? கார் ஓடும்போது பானெட் மேல் அழுத்தம் ஒரே மாதிரி இருக்காது. கிரில் முன்னால் காற்று முட்டி நிற்கிறது, அங்கே அழுத்தம் மிகுதி. பானெட்டின் முன்விளிம்பைத் தாண்டி மேலேறும் காற்று வேகமெடுப்பதால் அங்கே அழுத்தம் வெளிக்காற்றைவிடவும் குறைகிறது. பலரும் அழகுக்காக ஸ்கூப்பை வைப்பது இந்த இடத்தில்தான். தகட்டோடு ஒட்டிய தட்டையான துளையை அங்கே போட்டால் அது காற்றை உறிஞ்சி வெளியேற்றக்கூடும். பின்னால் போகப்போக, முன்கண்ணாடியின் அடிவாரத்தில் காற்று மறுபடி தேங்கி அழுத்தம் ஏறுகிறது. பின்பக்கம் பார்த்த வாயோடு சில அமெரிக்கக் கார்களில் பானெட் செய்தது இந்த இடத்தைக் குறிவைத்துத்தான்.

இன்னொன்று, தகட்டை உரசிப் போகும் காற்று பாகுபோல இழுபட்டு வேகமிழந்திருக்கும். 100 கி.மீ. வேகத்தில் ஒரு மீட்டர் தூரம் ஓடிய பிறகு அந்த மந்தமான படலம் ஏறத்தாழ 2 செ.மீ. கனம் இருக்கும். ஸ்கூப்பின் உதடு அதற்கு மேலே எழும்பினால்தான் சுத்தமான வேகக்காற்று அகப்படும்.

வாய் பெரிதாக இருக்க வேண்டுமா? 1.2 லிட்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 6,000 சுற்றில் நொடிக்கு அதிகபட்சம் 60 லிட்டர் காற்றை இழுக்கும். 100 கி.மீ. வேகத்தில் நொடிக்கு 28 மீட்டர் ஓடும் காற்றில் அதைப் பிடிக்க 22 சதுர செ.மீ. போதும், ஒரு தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய வாய். குறைந்த வேகத்தையும் நினைத்து இரண்டு மூன்று மடங்கு வைக்கலாம். அதற்கு மேல் போவதெல்லாம் தோற்றத்துக்குத்தான்.

வாயைவிட முக்கியம் சீல். 1965-இல் போன்டியாக் ஜிடிஓ காருக்கு விற்ற ராம் ஏர் தொகுப்பின் உயிரே, கார்புரேட்டர்களைச் சுற்றி வைத்த ஒரு தட்டும் அதைப் பானெட்டோடு சேர்த்து அடைக்கும் ஸ்பாஞ்ச் வளையமும்தான். எஞ்சின் தன் மவுண்டில் ஆடும், பானெட் ஆடாது. இடையில் மெத்தென்ற அடைப்பு இல்லாவிட்டால் பிடித்த குளிர்காற்று பானெட்டுக்குள் சிதறிப்போய், பில்டர் பழையபடி சூட்டுக்காற்றையே இழுக்கும். அதற்கு முந்தைய வருடம் போர்டு நிறுவனம் தன் தண்டர்போல்ட் பந்தயக் காரில் உள்பக்க ஹெட்லைட் இரண்டையும் எடுத்துவிட்டு அங்கிருந்து குழாய் போட்டது. அழுத்தமும் மிகுதி, காற்றும் குளிர்ச்சி. இன்றைய பெரும்பாலான கார்களில் கிரில்லுக்குப் பின்னாலிருந்தே காற்று எடுப்பதும் இதனால்தான். என்னைக் கேட்டால், நம் ஊர் கார்களுக்கு இந்த வழியே மேல்.

காரணம் மழை. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமும் நனைக்கும் மாவட்டம் இது. 300 மி.லி. சிலிண்டரில் அமுக்க விகிதம் (காற்றை எத்தனை மடங்கு சுருக்குகிறது என்ற கணக்கு) 10 என்றால் பிஸ்டன் மேலே வந்தபின் எஞ்சும் இடம் 33 மி.லி. தான். அந்த அளவு தண்ணீர் புகுந்தாலே பிஸ்டன் முட்டிக்கொள்ளும். தண்ணீர் அமுங்காது, பிஸ்டனைத் தள்ளும் தண்டான கனெக்டிங் ராடுதான் வளையும். ஸ்கூப் வைத்தே தீருவேன் என்பவர்கள் அதற்கும் பில்டருக்கும் இடையே அகலமான பெட்டி வைக்க வேண்டும். பெட்டியில் காற்று வேகம் குறையும்போது துளிகள் கீழே விழும், அடிமட்டத்தில் ஒரு வடிதுளை அதை வெளியேற்றும். குழாய் நேராக பில்டரில் போய் முட்டவே கூடாது.

அப்புறம் மணல். மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இல்மனைட், சிர்கானோடு கார்னெட்டும் இருக்கிறது. கார்னெட் என்பது உப்புத்தாளில் ஒட்டும் கல். அது சிலிண்டர் சுவரில் உரசினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. ஆகவே கூடுதல் காற்றுக்காக பில்டரைக் கழற்றிவிடும் யோசனை இந்தக் கடற்கரைக்கு ஒத்தே வராது. எண்ணெய் தடவிய துணி பில்டரில் எண்ணெய் மிஞ்சினால் காற்றோட்ட சென்சாரின் கம்பியில் படிந்து அளவைக் கெடுக்கும். சென்சார் இருக்கும் குழாயின் விட்டத்தை மாற்றினாலும் அதே கதி, எஞ்சின் கம்ப்யூட்டர் தப்பான அளவில் பெட்ரோல் கொடுக்கும்.

ஸ்கார்பியோவிலும் முதல் தலைமுறை பார்ச்சூனரிலும் ஸ்கூப் இருக்கிறதே என்று கேட்கலாம். அது வேறு வேலை. டர்போ அழுத்திச் சூடாக்கிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் மேல் அது வெளிக்காற்றை வீசுகிறது. எஞ்சின் மூச்சு வேறு வழியில் போகிறது.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. பானெட்டின் அடியில் விலா எலும்புபோலத் தாங்கும் சட்டத்தை அறுத்தால் அதன் பலமும் போகும். வெட்டும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் இன்சூரன்ஸ்காரரிடமும் கேட்டுவிடுங்கள்.

அதற்கும் முன்னால், அளந்து பாருங்கள். கொத்தனார் மட்டம் பார்க்கும் தண்ணீர் டியூப் போதும். ஒரு முனையை பில்டர் பெட்டியில் செருகி, மறு பகுதியை யூ வடிவில் வளைத்துக் காருக்குள் ஸ்கேலோடு ஒட்டுங்கள். தண்ணீர் எஞ்சினுக்குள் இழுபடாதபடி யூவின் கைகள் நீளமாக இருக்கட்டும். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு ஆளில்லாத நேரான சாலையில் ஓட்டும்போது, பக்கத்தில் இருப்பவர் நீர்மட்டத்தைப் படிக்கட்டும். ஒரு செ.மீ. வித்தியாசம் 98 பாஸ்கல். 100 கி.மீ. வேகத்தில் ஸ்கூப் தரக்கூடிய உச்சமே 4.5 செ.மீ. தான். முழு மிதியில் பெட்டிக்குள் அதைவிட அதிகமாக உறிஞ்சல் தெரிந்தால் முதலில் பில்டரை மாற்றுங்கள். பிறகு எஞ்சின் கம்ப்யூட்டரின் அளவுகளைப் படித்துக் காட்டும் ஓபிடி கருவியை மாட்டி, இன்டேக் காற்றின் வெப்பத்தை ஓட்டத்தில் பாருங்கள். வெளியே 32 இருக்க அங்கே 55, 60 காட்டினால் குளிர்காற்றுக் குழாய்க்குச் செலவிடலாம். 36, 37 காட்டினால் உங்கள் காரைச் செய்தவர்கள் அந்த வேலையை ஏற்கெனவே முடித்துவிட்டார்கள்.