அட்டை தொலைந்தாலும் ஊசி உண்டு

"தடுப்பூசி அட்டை இல்லைன்னு ஊசி போடாம திருப்பி அனுப்பிட்டாங்க, நர்ஸம்மா."

நான் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்த காலம். களக்காட்டுப் பக்கம் மலையடிவாரத்தில் அணை வேலை நடந்துகொண்டிருந்தது. சங்கரன்கோவில் பக்கமிருந்து வந்த சித்தாள் ஒருத்தி, ஒன்றேகால் வயசுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு இதைச் சொன்னாள். முந்தின வேலையிடத்தில் கொட்டகை ஒழுகி அட்டை கூழாகிவிட்டதாம். பிள்ளைக்குக் காதுக்குப் பின்னால் தொடங்கி முகமெல்லாம் மணல்வாரி, அதாவது தட்டம்மை.

கொட்டகைகள் தகரத்தோடு தகரம் ஒட்டி இருக்கும். ஒரு பிள்ளை இருமினால் அடுத்த கொட்டகைப் பிள்ளைக்குக் காற்றிலேயே போய்விடும். அந்த மாசமே நாலு பிள்ளைகள் படுத்தன. "அம்மை போட்டிருக்கு" என்று வேப்பிலை செருகி உள்ளேயே வைத்திருந்தார்கள். வேப்பிலை இருக்கட்டும், நான் தடுக்கவில்லை. வைட்டமின் ஏ சொட்டு கொடுக்க வேண்டும், கண்ணையும் மூச்சையும் பார்க்க வேண்டும் என்று ஒவ்வொரு வாசலிலும் நின்று சொன்னேன்.

இடம் மாறி இடம் மாறி வேலை பார்க்கிற குடும்பங்களுக்கு இப்போதும் இதைத்தான் சொல்கிறேன். அட்டை தொலைந்தாலும் ஊசி உண்டு. முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம், விட்ட இடத்திலிருந்து தொடரலாம். தட்டம்மை-ரூபெல்லா ஊசி 9 மாதம் முடிந்ததும் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் இன்னொன்று. தவறிப்போனால் 5 வயது வரைக்கும் போடலாம். சொந்த ஊரில்தான் போட வேண்டும் என்பதும் இல்லை. செவிலியர் தங்கைகளே, இடது தோளில் பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசியின் தழும்பைப் பாருங்கள், தாயிடம் பொறுமையாகக் கேளுங்கள், திருப்பி மட்டும் அனுப்பாதீர்கள். பள்ளிக்கூடமும் அப்படித்தான்: டி.சி. வரவில்லை என்று 6 முதல் 14 வயதுப் பிள்ளையை அரசுப் பள்ளியில் சேர்க்காமல் இருக்க 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தில் இடமில்லை.

இப்போது எல்லார் கையிலும் போன் இருக்கிறது, அட்டையை ஒரு படம் எடுத்து வையுங்கள். அன்றைக்கு அது கிடையாது. ஆனால் அங்கே ஒரு ஆச்சி இருந்தார். வேலைக்குப் போகிற பெண்கள் எட்டுப் பத்துப் பிள்ளைகளை அவர் பொறுப்பில் விட்டுப்போவார்கள். வேப்பமரத்தடியில் வரிசையாகத் தொட்டில் ஆடும். மணல்வாரி அடங்கினதும் புது அட்டை எழுதி, எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு அவரிடமே கொடுத்தேன். ஆச்சிக்கு எழுத்துத் தெரியாது. அடுத்த தடவை போனபோது ஒவ்வொரு அட்டையிலும் ஓட்டை போட்டு ஒவ்வொரு நிறத்தில் நூல் கட்டியிருந்தார். அதே நூல் அந்தந்தப் பிள்ளையின் தொட்டில் கயிற்றிலும் இருந்தது. அப்புறம் ஊசி நாளில், நான் பெயரை வாசிக்கும் முன்பே பச்சை நூல்காரனைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பார்.