ஸ்கூட்டரிலிருந்து கியர் பைக்குக்கு மாறுகிறீர்களா? முதலில் இடது கையைப் பழக்குங்கள்

பல வருடம் ஸ்கூட்டர் ஓட்டியவர்தான் கியர் பைக்கில் முதல் வாரம் அதிகம் தடுமாறுவார். ஸ்கூட்டரில் இடது கை லிவர் என்றால் பின் பிரேக். பைக்கில் அதே இடத்தில் கிளட்ச் இருக்கிறது. நாய் குறுக்கே வந்ததும் பழகிய கை இடது லிவரை இறுக்கிவிடும். வண்டி நிற்காது, எஞ்சின் பிடியும் விட்டுப்போய் தாராளமாக உருளும். டிவிஎஸ் எக்ஸ்எல் ஓட்டி வந்தவர்களுக்கோ கிளட்ச் லிவரே புதிது.

அதனால் எஞ்சினைத் தொடுவதற்கு முன் ஒரு வேலை. வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி ஏறி உட்காருங்கள். யாராவது 'நிறுத்து' என்று சொல்லச் சொல்லுங்கள். வலது கால் பிரேக்கும் வலது கை பிரேக்கும் முதலில், இடது கை கிளட்ச் கடைசியில். 30, 40 தடவை செய்தால் கால் தானாகவே போகும். பத்து நிமிட வேலை, ஆனால் சொல்லிக்கொடுப்பவர்கள் பெரும்பாலும் தாண்டிப்போகும் பாடம் இதுதான்.

கிளட்ச் என்ன செய்கிறது என்று தெரிந்தால் கை சீக்கிரம் பழகும். நம் ஊரில் ஓடும் பெரும்பாலான பைக்குகளில் எஞ்சின் ஆயிலில் நனைந்தபடி சில உராய்வுத் தட்டுகளும் அவற்றுக்கிடையே இரும்புத் தட்டுகளும் அடுக்கப்பட்டிருக்கும். ஸ்பிரிங்குகள் அவற்றைச் சேர்த்து அழுத்தியே வைத்திருக்கும். லிவரைப் பிடித்தால் அந்த அழுத்தம் விலகி, எஞ்சின் தனியாகவும் சக்கரம் தனியாகவும் சுற்றும். லிவரை விடும்போது தட்டுகள் முதலில் வழுக்கி, பிறகு கவ்வும். வழுக்கலுக்கும் கவ்வலுக்கும் நடுவே உள்ள அந்தச் சின்ன இடைவெளியைத்தான் 'ஹாஃப் கிளட்ச்' என்கிறோம். மெதுவாகப் போகும்போது வேகத்தைத் தீர்மானிப்பது இந்த இடம்தான், ஆக்சிலேட்டர் அல்ல.

அந்த இடம் எங்கே என்று கண்டுபிடிக்க பெட்ரோல்கூட வேண்டாம். எஞ்சினை ஆஃப் செய்து, முதல் கியரில் போட்டு, கிளட்சை முழுதாகப் பிடித்துக்கொண்டு வண்டியைத் தள்ளுங்கள். உருளும். தள்ளிக்கொண்டே லிவரை அரிசி அரிசியாக விடுங்கள். ஓர் இடத்தில் வண்டி கனக்கும், பிறகு பிடித்து நிற்கும். கனக்க ஆரம்பித்த இடத்தில் விரல் எங்கே இருந்தது என்று பாருங்கள். ஒவ்வொரு வண்டியிலும் அது வேறு. நண்பரின் பைக்கை வாங்கி ஓட்டினால் முதல் அரை நிமிடம் திணறுவது இதனால்தான்.

அடுத்து எஞ்சினை ஆன் செய்யுங்கள். சமதரையாக, மணல் இல்லாத இடமாக இருக்கட்டும். ஊருக்கு வெளியே பிளாட் போட்டு தார் ஊற்றி இன்னும் வீடு வராத லேஅவுட் தோதானது. முதல் கியர், ஆக்சிலேட்டர் தொடக்கூடாது, இரண்டு காலும் தரையில். லிவரை விட விட எஞ்சின் சத்தம் சற்றுத் தாழும், வண்டி முன்னே நகரப் பார்க்கும். அங்கேயே நிறுத்தி, இரண்டு விநாடி வைத்திருந்து, மறுபடி பிடியுங்கள். இதை 20 தடவை. பிறகு அதே இடத்தில் லிவரை வைத்து 10 மீட்டர் காலாலேயே நடந்து போங்கள். அதன் பிறகே ஆக்சிலேட்டர்: சத்தம் லேசாக உயரும் அளவுக்குக் கொஞ்சம் முறுக்கி அசையாமல் வைத்துவிட்டு, வேகம் கூட்டுவதையும் குறைப்பதையும் கிளட்சிலேயே செய்து பாருங்கள். பிடிப்பது சட்டென்று, விடுவது மெதுவாக. பாதியில் லிவரை 'டப்'பென்று விட்டால் வண்டி வெட்டி ஆஃப் ஆகும். ஆக்சிலேட்டர் அதிகமாக இருந்தால் முன்சக்கரம் தூக்கும்.

ஆஃப் ஆனால் எல்லாம் கிளட்ச் தப்பு என்று நினைக்காதீர்கள். இரண்டாம், மூன்றாம் கியரிலேயே நின்றுவிட்டு அப்படியே கிளம்பப் பார்ப்பது சகஜம். ஸ்பிளெண்டரில் எல்லா கியரும் முன்னால் மிதித்தே விழும், பல்சரில் முதல் கியர் கீழே, மற்றவை மேலே. வண்டி மாற்றும்போது இதுவும் குழப்பும். இப்போது வரும் பல வண்டிகளில் சைடு ஸ்டாண்டை எடுக்காமல் கியர் போட்டால் எஞ்சினே அணைந்துவிடும். ஐந்து தடவை ஆஃப் ஆகி அழுகை வரும் நேரத்தில் குனிந்து ஸ்டாண்டைப் பாருங்கள்.

உண்மையான ஆபத்து ஆஃப் ஆவதில் இல்லை. வண்டி திடீரென்று துள்ளும்போது உடம்பு பின்னால் சாயும், வலது கை கைப்பிடியைக் கெட்டியாகப் பிடிக்கும், சாய்ந்த வேகத்தில் மணிக்கட்டு இன்னும் முறுக்கிவிடும். வண்டி இன்னும் வேகமாகப் பாயும், உடம்பு இன்னும் சாயும். சுவரிலோ நிறுத்தியிருக்கும் காரிலோ போய் முட்டும் பழகுநர்கள் பெரும்பாலும் இந்தச் சுழலில் மாட்டியவர்கள். தடுக்க வழி, பிடிக்கும் விதத்திலேயே இருக்கிறது. ஆக்சிலேட்டர் மூடிய நிலையில் மணிக்கட்டு மேலே தூக்கியிருக்கக் கூடாது. சற்றுத் தாழ்ந்தோ, புறங்கையோடு நேராகவோ இருக்கட்டும். அப்படியானால் மேற்கொண்டு முறுக்கக் கைக்கு இடம் இருக்காது. முழங்காலால் டேங்கை அணைத்துக்கொண்டால் உடம்பு பின்னால் போகாது. துள்ளியவுடன் இடது கை கிளட்சை முழுதாகப் பிடித்துவிட வேண்டும். எஞ்சின் கத்தினால் கத்தட்டும், சக்கரத்துக்குச் சக்தி போகாது. முதல் சில நாள் நான்கு விரலும் கிளட்ச் மேலேயே இருக்கட்டும். பழகிய பிறகு கியர் மாற்றும்போது மட்டும் போதும். எப்போதும் விரல் அழுத்திக்கொண்டே ஓட்டினால் தட்டுகள் வீணாகத் தேயும்.

எல்எல்ஆர் எடுத்து 30 நாள் கழித்துத்தான் ஆர்டிஓ டெஸ்ட். அதுவரை முன்னும் பின்னும் வெள்ளைப் பின்னணியில் சிவப்பு 'எல்' வேண்டும். டெஸ்டில் எட்டு போடும்போது கால் ஊன்றுபவர்கள் செய்வது ஒன்றே: வளைவில் பயந்து கிளட்சை முழுக்கப் பிடித்துவிடுகிறார்கள். இழுவை போனதும் வண்டி சாயும். லேசான ஆக்சிலேட்டர், ஹாஃப் கிளட்ச், பின் பிரேக்கில் மெல்லிய அழுத்தம், பார்வை அடுத்த வளைவில். ஹேண்டில் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கைத் தொடவே வேண்டாம். மேட்டில் கிளம்புவதும் இதே வித்தைதான்: பின் பிரேக்கை மிதித்தபடி கிளட்சைப் பிடிப்பு வரும்வரை விட்டு, ஆக்சிலேட்டர் கொடுத்துவிட்டுப் பிரேக்கை விடுங்கள்.

எவ்வளவு பழகினாலும் வண்டி சரியில்லையென்றால் பயனில்லை. கிளட்ச் லிவர் நுனியில் எதிர்ப்பில்லாமல் ஆடும் தூரம் பல 100, 150 சிசி வண்டிகளில் 10 முதல் 20 மி.மீ. வரை இருக்கும், உங்கள் வண்டியின் அளவு கையேட்டில் இருக்கும். அது குறைந்தால் தட்டுகள் முழுதாகக் கவ்வாமல் வழுக்கும். எஞ்சின் கத்தும், வேகம் வராது. அதிகமானால் லிவரை முழுக்கப் பிடித்தும் வண்டி ஊரும், நியூட்ரல் விழாது. கார் ஆயிலை ஊற்றினாலும் வழுக்கும், டப்பாவில் 'ஜாசோ எம்ஏ' (JASO MA, ஆயிலில் நனையும் பைக் கிளட்சுக்கு ஏற்றது என்ற குறி) இருக்கிறதா பாருங்கள். ஆக்சிலேட்டரை முறுக்கிக் கையை எடுத்தால் அது தானே திரும்ப வேண்டும். நியூட்ரலில் ஓடவிட்டு ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்புங்கள். அப்போது எஞ்சின் சத்தம் ஏறினால் கேபிள் இழுபடுகிறது என்று அர்த்தம், எட்டு போடும்போது அதுவே உங்களை இழுத்துக்கொண்டு போகும். கிளட்ச் கேபிள் அறுவது பெரும்பாலும் லிவர் முனையில்தான். அங்கே ஒரு கம்பி இழை பிரிந்து நீட்டிக்கொண்டிருந்தால் அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.